மொபைல் டேட்டாவுக்குக் காசு யார் தரணும்: பார்க்கிறவரா, அனுப்புறவரா?

தாழ்வாரம் கேட்டது:

டெலிகாம் கம்பெனிகள் எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே பல்லவிதான். "எங்க நெட்வொர்க்கில் ஓடுற டேட்டாவில் பெரும்பங்கு நாலைந்து வீடியோ, சமூக வலைதளக் கம்பெனிகளோடது. ஸ்பெக்ட்ரம் எடுக்கிறது நாங்க, கோபுரம் நடுறது நாங்க, காசு பார்க்கிறது அவங்க. அதனால அவங்களும் பங்கு தரட்டும்." இணையச் சமநிலை, அதாவது எந்தத் தளத்தோட டேட்டாவையும் ஒரே மாதிரி நடத்தணும்னு பேசுறவங்க உடனே "கூடவே கூடாது"ன்னு எழுந்திருக்காங்க. ரெண்டு பக்கமும் கோஷமாத்தான் கேட்குது, கணக்கை யாரும் விரிச்சுக் காட்டறதில்லை.

விஷயம் தெரிஞ்சவங்ககிட்ட நாலு கேள்வி. ஒரு ஜிபி வீடியோ போனுக்கு வந்து சேர எங்கே, யாருக்குச் செலவாகுது? அனுப்புற கம்பெனிகிட்ட கட்டணம் வாங்கிப் பார்த்த நாடு ஏதாவது உண்டா, அங்கே என்ன ஆச்சு? ஒரு கம்பெனி காசு கட்டி, அதோட ஆப் மட்டும் எனக்கு இலவசம்னா எனக்கு அதில் என்ன நஷ்டம்? கடைசியா, ஆபரேட்டர் வீடியோவை மட்டும் மெதுவாக்குறாரான்னு வீட்டில் இருந்தே எப்படிச் சோதிக்கிறது? "ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்க"ன்னு மட்டும் தயவுசெய்து சொல்லிடாதீங்க.


கோபுரநிழல் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். பாதிக் குழப்பம் அதிலேயே இருக்கிறது.

"ஒரு ஜிபிக்கு இவ்வளவு செலவு" என்று ஒன்று கிடையாது. மொபைல் நெட்வொர்க்கின் செலவை ஏற்றுவது மாதம் முழுக்க ஓடிய மொத்த டேட்டா அல்ல. நெரிசல் நேரத்தில் விநாடிக்கு எத்தனை பிட் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதுதான். விடியற்காலை 3 மணிக்கு 10 ஜிபி இறக்கினாலும் ஆபரேட்டருக்குக் கூடுதல் செலவு ஏறக்குறைய பூஜ்யம். கோபுரம் அப்போதும் மின்சாரம் தின்றுகொண்டு சும்மாதான் நிற்கிறது. இரவு 9 மணிக்கு அந்தச் செக்டரில் (கோபுரத்தின் ஒரு ஆன்டெனா பார்க்கும் திசை) எல்லாரும் படம் பார்க்கும்போது கேட்கிற 1 ஜிபிதான் "இன்னொரு கேரியர் (அலைவரிசைப் பட்டை) போடு, பக்கத்தில் இன்னொரு கோபுரம் நடு" என்று பிடித்துத் தள்ளுகிறது.

கணக்கு இது. 4ஜியில் 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு கேரியர், 2×2 ஆன்டெனா, 64 குவாம் (ஒரு குறியீட்டில் 6 பிட் ஏற்றும் முறை) என்றால் ஏட்டில் உச்ச வேகம் 150 எம்பிபிஎஸ் (விநாடிக்கு மெகாபிட்). நடைமுறையில் ஆட்கள் கிட்டேயும் எட்டேயும் சிதறிக் கிடப்பார்கள். சராசரியாக ஒரு ஹெர்ட்ஸுக்கு 1.5 முதல் 2 பிட் என்று வைத்தால், அந்தச் செக்டரில் உள்ள அத்தனை பேருக்கும் சேர்த்து 30 முதல் 40 எம்பிபிஎஸ் மிஞ்சும். 5 எம்பிபிஎஸ்ஸில் 1080பி வீடியோ பார்க்க ஏழு பேர் உட்கார்ந்தால் தீர்ந்தது. அதையே 480பி-க்கு இறக்கி ஆளுக்கு 1.5 எம்பிபிஎஸ் ஆக்கினால் இருபத்துமூன்று பேர் வரை தாங்கும். பயனரின் பக்கம் இது மணிக்கு 2.25 ஜிபிக்கும் 675 எம்பிக்கும் உள்ள வித்தியாசம். வீடியோவின் கழுத்தை ஆபரேட்டர்கள் ஏன் பிடிக்கிறார்கள் என்று இதிலிருந்து புரியும்.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. சிக்னல் தெளிவாகக் கிடைப்பவருக்கு ஒரு ரிசோர்ஸ் எலமென்டில் (வானலையின் மிகச் சிறிய துண்டு) 5.55 பிட் வரை ஏற்றலாம். செல்லின் விளிம்பில், இரண்டு சுவருக்குப் பின்னால் இருப்பவருக்கு 0.15 பிட்தான் ஏறும். 4ஜி தரநிலையில், சிக்னல் தரத்துக்கேற்ப எத்தனை பிட் என்று சொல்லும் சிக்யூஐ அட்டவணையில் 15-ஆம் வரிக்கும் 1-ஆம் வரிக்கும் உள்ள தூரம் அது, சுமார் 36 மடங்கு. அதாவது அதே கம்பெனியின் அதே 1 ஜிபி வீடியோ, விளிம்பில் இருப்பவருக்குப் போகும்போது 36 மடங்கு வானலையைத் தின்னலாம். செலவுக்கேற்ற கட்டணம்தான் நியாயம் என்று வாதிடுபவர்கள் அப்படியானால் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தவரிடம்தான் போய்க் கேட்க வேண்டும். வீடியோ கம்பெனியிடம் கேட்க அந்தக் கணக்கில் ஒன்றும் இல்லை.

வரும் வழியில் யார் எதற்குக் கட்டுகிறார்கள் என்று பார்த்தால்: சர்வர், டேட்டா சென்டர், பெரும்பாலும் கடலடிக் கேபிள் வரை கம்பெனியின் காசு. அதிகம் பார்க்கப்படும் வீடியோக்களின் நகல் வைத்த கேஷ் பெட்டிகளை ஆபரேட்டரின் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுவந்து தருவதும் உண்டு. கூகுள் குளோபல் கேஷ் அப்படிப்பட்டது. நெட்ஃபிளிக்ஸ் 2012-இல் தொடங்கிய ஓப்பன் கனெக்டும் அதுவே. ஆபரேட்டர் தருவது ரேக்கில் இடமும் மின்சாரமும். அதற்குப் பிறகு கோர் (நடுவண் நெட்வொர்க்), பேக்ஹால் (அங்கிருந்து கோபுரம் வரையான இணைப்பு), கோபுரம், ஸ்பெக்ட்ரம் எல்லாம் ஆபரேட்டருடையவை. அந்தப் பகுதிக்குத்தான் நாம் மாதாமாதம் ரீசார்ஜ் செய்கிறோம். டேட்டாவை வரவழைப்பதும் நாம்தான். யாரும் பிளே பட்டனைத் தொடாமல் வீடியோ தானாகக் கிளம்பி வருவதில்லை. தானாக ஓடும் வீடியோ விளம்பரங்களை வேண்டுமானால் விதிவிலக்காக வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கும் கோபம் உண்டு. ஐரோப்பியத் தொலைத்தொடர்பு ஒழுங்காற்றாளர்களின் கூட்டமைப்பான பெரெக், 2022 அக்டோபரில் வெளியிட்ட முதற்கட்ட மதிப்பீட்டில் ஏறக்குறைய இதையேதான் சொன்னது: ஓசிச் சவாரி நடப்பதற்குச் சான்று இல்லை.


வழித்தடம் பதில்:

ரெண்டாவது கேள்விக்கு: உண்டு, தென்கொரியா. ஆனா அதுக்கு முன்னாடி நெட்வொர்க்குகள் தங்களுக்குள்ள எப்படிக் கணக்குத் தீர்க்குதுன்னு தெரியணும்.

ரெண்டு வழி. ஒண்ணு டிரான்சிட்: பெரிய நெட்வொர்க்குக்குக் காசு கட்டி உலகம் முழுக்கப் போய்ச்சேர வழி வாங்குறது. பில் போடறது பெரும்பாலும் 95-ஆம் சதமான முறையில். 5 நிமிஷத்துக்கு ஒரு அளவு, 30 நாளுக்கு 8,640 அளவு. வரிசைப்படுத்தி உச்சியில் இருக்கிற 5 சதவீதத்தை, அதாவது 432 அளவை, வெட்டி எறிஞ்சிட்டு அடுத்த எண்ணுக்குப் பில். மாசத்தில் 36 மணி நேர உச்சம் இலவசம்னு அர்த்தம். இங்கேயும் ஜிபி கணக்கு இல்லைங்கிறதைக் கவனிங்க. இன்னொண்ணு பியரிங்: ரெண்டு நெட்வொர்க்கும் நேரா கேபிள் போட்டுக்குறது. அதில் பெரும்பாலும் காசு கைமாறுறதில்லை, கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம்கூட பல இடத்தில் இருக்காது.

டெலிபோன் உலகம் வேற. அங்கே கூப்பிடுறவரோட கம்பெனி, எடுக்கிறவரோட கம்பெனிக்கு டெர்மினேஷன் கட்டணம் கட்டும். இதில் ஒரு வினை உண்டு. உங்களை அடைய உங்க ஆபரேட்டரைத் தவிர வேற வாசல் கிடையாது. வாசல் ஒண்ணே ஒண்ணுன்னா வாசல்காரர் கேட்டதுதான் விலை. பல நாட்டு ஒழுங்காற்றாளர்கள் வருஷக்கணக்கா அந்தக் கட்டணத்தை வெட்டிக்கிட்டே வந்ததுக்குக் காரணம் அதுதான். "நியாயமான பங்கு"ங்கிற பேரில் இப்போ கேட்கிறது அதே வாசல் கட்டணத்தை, டேட்டாவுக்கு.

கொரியா 2016-இல் விதியை மாத்திச்சு: ஆபரேட்டர்களுக்கு இடையே அனுப்புற நெட்வொர்க் கட்டணும். கேட்க நியாயமாத்தான் இருக்கு. உடனே வந்த விளைவைப் பாருங்க. ஃபேஸ்புக்கோட கேஷ் பெட்டி கேடி (KT) என்கிற கொரிய ஆபரேட்டருக்குள்ள இருந்தது. மத்த ரெண்டு ஆபரேட்டரோட வாடிக்கையாளர்களும் அங்கிருந்துதான் எடுத்தாங்க. புது விதிப்படி கேடி "அனுப்புறவர்" ஆயிடுச்சு, போட்டியாளருக்குக் காசு கட்ட வேண்டிய நிலை. கேஷ் வச்சுக்கிட்டதுக்குத் தண்டனை! கேடி அந்தச் சுமையை ஃபேஸ்புக் பக்கம் தள்ளப் பார்க்க, ஃபேஸ்புக் மத்த ஆபரேட்டர்களோட டிராஃபிக்கை வெளிநாட்டு வழியில் திருப்பி விட்டுச்சு. பயனர்களுக்கு வேகம் செத்துச்சு. 2018-இல் ஒழுங்காற்று ஆணையம் ஃபேஸ்புக்குக்கு அபராதம் போட்டுது, 2019-இல் நீதிமன்றம் அதை ரத்து பண்ணிச்சு.

அடுத்து எஸ்கே பிராட்பேண்ட்ங்கிற கொரிய ஆபரேட்டருக்கும் நெட்ஃபிளிக்ஸுக்கும் நடந்த வழக்கு. 2021 ஜூனில் சியோல் நீதிமன்றம் ஆபரேட்டர் பக்கம் சாய்ந்தது, மேல்முறையீடு ஓடிக்கிட்டே இருந்தது, 2023 செப்டம்பரில் ரெண்டு பேரும் சமரசம் ஆனாங்க. பெரிய கம்பெனிகளுக்கு எப்பவும் சமரசத்துக்கு ஒரு வழி கிடைக்கும். ட்விட்ச் மாதிரி நேரலைத் தளத்துக்குக் கிடைக்கலை. 2022-இல் கொரியாவில் மட்டும் வீடியோ தரத்தை 720பி-க்கு இறக்கினாங்க, 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே போனாங்க. மத்த பெரும்பாலான நாடுகளைவிட நெட்வொர்க் கட்டணம் 10 மடங்கு அதிகம்னு அவங்க சொன்ன காரணம். அது அவங்க தரப்புக் கணக்கு, ஆபரேட்டர்கள் ஒத்துக்கலை.

அமெரிக்காவில் 2014-இல் நெட்ஃபிளிக்ஸ், காம்காஸ்ட்ங்கிற இணையச் சேவைக் கம்பெனிக்குக் காசு கட்டி நேரடி இணைப்பு வாங்கினதையும் இதோட சேர்த்துப் பேசுவாங்க. அது நெட்வொர்க்குக்குள்ள வேகம் குறைச்ச கதை இல்லை. வாசலில் இருந்த இணைப்பு நிரம்பி வழிஞ்சும் அகலப்படுத்தாம விட்ட கதை. சோதனை பண்ணும்போது இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்.


எதிர்க்கரை பதில்:

மேலே ரெண்டு பேர் சொன்னதிலும் பெரிய மறுப்பு இல்லை. ஆனா "அனுப்புறவர் கட்டணம்"னு ஒரே மூட்டையா கட்டிட்டீங்க. உள்ளே ரெண்டு வேற வேற சரக்கு இருக்கு. ஆபரேட்டர் கட்டாயமா வசூலிக்கிற வாசல் கட்டணம் ஒண்ணு. ஒரு கம்பெனி தானா முன்வந்து "என் வாடிக்கையாளரோட டேட்டா செலவை நான் ஏத்துக்கிறேன்"னு சொல்றது இன்னொண்ணு. ரெண்டாவதுக்குக் கட்டணமில்லா தொலைபேசி எண் நூறு வருஷம் இல்லாட்டியும் பல பத்து வருஷமா முன்மாதிரியா இருக்கு. கையில் டேட்டாவே இல்லாதவருக்கு வேலைவாய்ப்புத் தளமோ, பாடநூல் தளமோ, மருத்துவத் தகவலோ திறந்தா அதில் யார் கெட்டுப்போறாங்க? விக்கிப்பீடியாவை டேட்டா கழியாம தந்த விக்கிப்பீடியா ஜீரோ 2012-இல் இருந்து 2018 வரை பல நாடுகளில் ஓடிச்சு, அதுக்காக அதை நடத்துன விக்கிமீடியா யாருக்கும் காசு கட்டவும் இல்லை.

இந்தியாவோட 2016 பிப்ரவரி 8 விதிமுறையே முழுக் கதவையும் சாத்தலை. உள்ளடக்கத்தைப் பார்த்து விலையை மாத்தக் கூடாதுன்னு தொலைத்தொடர்பு ஒழுங்காற்று ஆணையமான டிராய் சொல்லிச்சு, மீறினா நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம்னு போட்டுச்சு. ஆனா அவசர சேவைகளுக்கு விலக்கு வச்சிருக்கு. எல்லாத் தளத்துக்கும் பொதுவா "இத்தனை எம்பி இலவசம்"னு கொடுக்கிறதையும் தடுக்கலை. என் வாதம் இதுதான்: தடை தேவையான இடத்தில் போடுங்க, ஆனா "இலவசம்"னு கேட்டாலே குற்றம் மாதிரி பேசாதீங்க.


பொட்டலம் பதில்:

எதிர்க்கரை அண்ணே, தொலைபேசி எண் உவமை பாதி வழியில் இறங்கிவிடுகிறது. அங்கே எண்ணைப் பார்த்தால் போதும், பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. டேட்டாவில் எது இலவசம் என்று தெரிய ஒவ்வொரு பொட்டலத்தையும் (டேட்டா பிரிந்து போகும் சிறு துண்டு, பாக்கெட்) பிரித்துப் பார்க்க வேண்டும். அது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மூன்றாவது கேள்விக்கான நஷ்டமும் தானாகத் தெரிந்துவிடும்.

4ஜியில் பி-கேட்வே, 5ஜியில் யூபிஎஃப். போனில் இருந்து இணையத்துக்குப் போகும் எல்லாமே இந்தப் பெட்டி வழிதான். ஒவ்வொரு டேட்டா ஓட்டமும் ஒரு விதியோடு பொருத்திப் பார்க்கப்பட்டு ஒரு ரேட்டிங் குரூப் எண் பெறுகிறது. சாதாரணம் ஒரு எண், இலவசம் இன்னொரு எண். எண்ணுக்கேற்ப சார்ஜிங் சிஸ்டம் துண்டு துண்டாக ஒதுக்கீடு தரும்; தீர்ந்ததும் அடுத்த துண்டு கேட்கும். பேலன்ஸ் காட்டும் எண் எப்போதும் கொஞ்சம் பின்தங்கியே இருப்பது இதனால்தான்.

"இது இன்ன ஆப்" என்று அடையாளம் காண மூன்று வழிகள், மூன்றுமே ஓட்டை. ஐபி முகவரிப் பட்டியல் வைத்தால், ஒரு சிடிஎன் (பல தளங்களின் நகலைப் பரிமாறும் சர்வர் வலை) முகவரிக்குப் பின்னால் ஆயிரம் தளங்கள் இருக்கும். பட்டியலும் வாராவாரம் மாறும். தளப் பெயருக்கு ஐபி முகவரி கேட்கும் டிஎன்எஸ் கேள்வியைப் பார்க்கலாம் என்றால் இப்போது போன்களே அதை மறையாக்கி அனுப்புகின்றன. ஆகவே பெரும்பாலும் எஸ்என்ஐ: டிஎல்எஸ் என்ற மறையாக்க இணைப்பின் முதல் செய்தியில் தளத்தின் பெயர் மறைக்கப்படாமல் போகும், அதைப் படிப்பது. க்விக் என்ற புதிய நெறிமுறையில் முதல் பொட்டலம் மறையாக்கப்பட்டது போலத் தெரியும், ஆனால் அதன் சாவி எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாறிலியிலிருந்து வருவதால் இடையில் இருப்பவர் திறந்துவிடலாம். அந்த முதல் செய்தியையே மறையாக்கும் இசிஎச் வந்தால் அதுவும் மூடும். வெளியே ஒரு பொதுப் பெயர் மட்டுமே தெரியும்.

இதன் விளைவு: அடையாளம் சரியாக நடக்க கம்பெனியின் ஒத்துழைப்பு வேண்டும். தனிப் பெயர், தனி ஐபி தொகுதி, மாற்றம் வந்தால் முன்னறிவிப்பு, ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு ஆபரேட்டரோடும் தனித்தனி ஒப்பந்தம். பெரிய கம்பெனிக்கு இது ஒரு குழுவின் வேலை. நாலு பேர் சேர்ந்து நடத்தும் தளத்துக்கு நடக்காத காரியம், கட்டணம் ஒரு பைசா கூட இல்லை என்றாலும். அமெரிக்க ஆபரேட்டர் டி-மொபைல் 2015 நவம்பரில், சேர்ந்த தளங்களின் வீடியோவுக்கு டேட்டா கழிக்காத பிஞ்ச் ஆன் திட்டத்தைக் கொண்டுவந்தபோது "யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சேரலாம்" என்றுதான் சொன்னார்கள். யூடியூப்பே 2016 மார்ச்சில்தான் உள்ளே வந்தது. அதற்குள், சேராத தளங்களின் வீடியோவும் சுமார் 1.5 எம்பிபிஎஸ்ஸுக்கு நெரிக்கப்படுவதாக 2016 ஜனவரியில் டிஜிட்டல் உரிமை அமைப்பான இஎஃப்எஃப் சோதனை செய்து காட்டியது. இலவசமும் இல்லை, வேகமும் இல்லை.

பயனருக்கு நேரும் கோளாறுகள் இவை. இலவச ஆப்புக்குள் ஒரு இணைப்பைத் தொட்டால் வெளித்தளத்தின் டேட்டா கழியும். செய்தியோடு ஒட்டிய வீடியோ வேறு சிடிஎன்னில் இருந்தால் அதுவும் கழியும். விளம்பரமும் அப்படியே. விபிஎன் போட்டால் எல்லாமே ஒரே குழாயாகத் தெரிவதால் முழுதும் கழியும். அந்தரங்கம் வேண்டும் என்றால் காசு கொடு என்பதுதான் நடைமுறையில் இதன் பொருள். மறுபுறம், எஸ்என்ஐயில் இலவசத் தளத்தின் பெயரைப் போட்டு உள்ளே வேறு எதையோ ஓட்டும் கில்லாடிகள் எப்போதும் இருப்பார்கள். விக்கிப்பீடியாவும் ஃபேஸ்புக்கும் இலவசமாக இருந்த அங்கோலாவில் 2016-இல் விக்கிமீடியா காமன்ஸில் படக் கோப்புகளுக்குள் சினிமாவை ஒளித்து ஏற்றி, ஃபேஸ்புக் குழுக்களில் இணைப்பைப் பகிர்ந்து இலவசமாக இறக்கினார்கள். அதை அடைக்க ஆபரேட்டர் கூடுதல் விதி போடுவார், அதில் நியாயமான பயன்பாடும் உடையும்.

ஆக நஷ்டம் என்ன என்றால், மற்ற தளங்களுக்குச் செலவாகும் ஜிபியின் விலையை இறக்க ஆபரேட்டருக்கு இருந்த அவசரம் போய்விடுகிறது. டேட்டா வரம்பு சிறியதாக இருந்தால்தானே "இது மட்டும் இலவசம்" என்பதற்கு மதிப்பு. ஐரோப்பிய நீதிமன்றம் 2020-இல் டெலினார் ஹங்கேரி வழக்கில் தொடங்கி 2021 செப்டம்பரில் வோடஃபோன், டெலிகாம் டாய்ச்லாந்து வழக்குகள் வரை போய், உள்ளடக்கத்தைப் பார்த்து சில டேட்டாவைக் கணக்கில் எடுக்காமல் விடும் திட்டமே சமநடத்தைக்கு எதிரானது என்று முடித்தது. ஜெர்மனியில் டெலிகாம் டாய்ச்லாந்தின் ஸ்ட்ரீம்ஆன் போன்ற திட்டங்களைப் புதிதாக விற்க 2022 ஜூலையோடு தடை, பழைய வாடிக்கையாளர்களுக்கு 2023 மார்ச் கடைசி வரை அவகாசம்.

அவசர எண், பேரிடர் எச்சரிக்கை போன்றவற்றுக்கு விலக்கு என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். வேலைவாய்ப்புத் தளம் என்று தொடங்கினால் எந்த வேலைவாய்ப்புத் தளம் என்பதை யார் தீர்மானிப்பது?


எதிர்க்கரை பதில்:

அந்தக் கேள்வி சரி. ஆனா "எல்லாருக்கும் பொதுவா இத்தனை எம்பி"ங்கிற என் ரெண்டாவது யோசனைக்கு யாரும் பதில் சொல்லலை.


கோபுரநிழல் பதில்:

அது நல்ல யோசனை என்பதால்தான் பதில் இல்லை. பொட்டலத்தைப் பிரிக்க வேண்டாம், சிம் அளவில் கணக்கு வைத்தால் போதும். ஆபரேட்டருக்கு நெரிசல்தான் பிரச்சினை என்றால், ஆப்பைப் பார்க்காமல் செய்யக்கூடிய எல்லாக் கருவியும் கையில் இருக்கிறது. நள்ளிரவுக்குப் பின் விலைகுறைந்த டேட்டா. வேக அடுக்குப்படி திட்டங்கள். வரம்பு தாண்டியவருக்கு எல்லா டேட்டாவும் 64 அல்லது 128 கேபிபிஎஸ். நெரிசல் வரும்போது மட்டும் அதிகம் பயன்படுத்தியவரைக் கியூசிஐ எனும் முன்னுரிமை வரிசையில் ஒரு படி கீழே இறக்குவது. செக்டர் காலியாக இருந்தால் அவருக்கும் முழு வேகம் கிடைக்கும். வீடியோவைத் தேடிப் பிடித்து நெரிப்பதைவிட இது சுலபம், நேர்மையும் கூட. 2020 மார்ச்சில் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்தபோது நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் பிட்ரேட்டைக் குறைத்து தன் டிராஃபிக்கை 25 சதவீதம் இறக்கியது. அனுப்பும் முனையில் செய்தால் தரம் சீராகக் குறையும். நடுவில் நெரித்தால் வீடியோ திக்கித் திணறும்.


தாழ்வாரம்:

இவ்வளவு எதிர்பார்க்கலை, நன்றி. நாலாவது கேள்வி இன்னும் நிக்குது. கூடவே ஒரு துணைக்கேள்வி: போனில் காட்டுற டேட்டா அளவும் ஆபரேட்டர் கழிக்கிற அளவும் பொருந்தறதே இல்லையே, யாரோட கணக்கு தப்பு?


பொட்டலம் பதில்:

துணைக்கேள்விக்கு முதலில். பெரும்பாலும் இரண்டும் சரி, எண்ணும் இடம் வேறு. ஆபரேட்டர் கேட்வேயில் எண்ணுகிறார், அதாவது பொட்டலம் கோபுரத்துக்குப் போகும் முன்பே. வானலையில் தொலைந்தாலும் அது கணக்கில் ஏறியாகிவிட்டது. பொட்டலம் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் டிசிபி என்றால் இழப்பைக் கண்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சிக்னல் மோசமான இடத்தில் அப்படிச் சரிபார்க்காத யூடிபி வழி வீடியோ கால் பேசினால் போன் பார்க்காத பொட்டலங்களுக்கும் கழியும். கோபுரத்துக்கும் போனுக்கும் இடையே நடக்கும் மறுஅனுப்புதல் மட்டும் எண்ணப்படாது. பிறகு ஐபி தலைப்பு: பொட்டலத்துக்கு 20 அல்லது 40 பைட் கேட்வேயில் சேரும், ஆப்பின் சொந்தக் கணக்கில் வராது. ஒரு பக்கம் 1000-ஆல், மறுபக்கம் 1024-ஆல் வகுத்தால் ஜிபி அளவில் 7.4 சதவீத வித்தியாசம் வந்துவிடும். இவற்றையெல்லாம் கழித்த பிறகும் 10 சதவீதத்துக்கு மேல் இடித்தால் புகார் கொடுக்கலாம். அதற்குமுன் இரண்டிலும் ஒரே நாள், ஒரே நள்ளிரவு எல்லை இருக்கிறதா என்று பாருங்கள். பில்லிங் சுழற்சி வேறு தேதியில் தொடங்குவதால் வரும் சண்டைதான் அதிகம்.


அளவுகோல் பதில்:

சோதனைக்கு வருவோம். சாதாரண ஸ்பீட் டெஸ்ட் ஏன் போதாது என்றால், அதன் சர்வர் பெயர் ஆபரேட்டருக்குத் தெரியும், அதை யாரும் நெரிப்பதில்லை.

வெஹே என்ற ஆப்பை எடுங்கள். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கியது, ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் உண்டு. ஒரு வீடியோ ஆப்பின் உண்மையான டேட்டா ஓட்டத்தைப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதைத் தங்கள் சர்வரிலிருந்து அப்படியே ஒருமுறை ஓட்டும். பிறகு அதே அளவு, அதே இடைவெளியில், உள்ளடக்கத்தை மட்டும் கலைத்துவிட்டு இன்னொருமுறை. இரண்டுக்கும் சர்வர் ஒன்று, வழி ஒன்று. முதலாவது மட்டும் மெதுவாக ஓடினால் பெயரைப் பார்த்து நெரிக்கிறார்கள் என்று பொருள். 2019-இல் அந்தக் குழு வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஆபரேட்டர்கள் நெரிசல் இல்லாத நேரத்திலும் வீடியோவை நெரிப்பது இப்படித்தான் வெளிப்பட்டது.

செய்யும் முறை: வைஃபையை அணைக்கவும். விபிஎன், பிரைவேட் டிஎன்எஸ், டேட்டா சேவர், பேட்டரி சேவர் எல்லாவற்றையும் அணைக்கவும். போனை ஒரே இடத்தில் அசையாமல் வைக்கவும். ஆர்எஸ்ஆர்பி (போன் காட்டும் சிக்னல் வலிமை) மைனஸ் 100 டிபிஎம்மைவிட மோசமாக இருந்தால் இடம் மாறவும், இல்லாவிட்டால் சிக்னலின் ஆட்டத்தைத்தான் அளந்துகொண்டிருப்பீர்கள். 4ஜி அல்லது 5ஜி என்று ஒன்றில் பூட்டிவிடுங்கள். ஒரே ஆப்பை குறைந்தது ஐந்துமுறை இரவு 9 மணி வாக்கிலும், ஐந்துமுறை விடியற்காலையிலும் ஓட்டுங்கள். அன்றைய அதிவேக ஒதுக்கீடு தீர்ந்திருந்தால் சோதனையே வேண்டாம், முடிவு குப்பை.

வரைபடத்தைப் படிப்பதுதான் முக்கியம். எந்த நேரத்தில் ஓட்டினாலும் 1.5 அல்லது 2 எம்பிபிஎஸ்ஸில் அளவுகோல் வைத்துக் கோடு போட்ட மாதிரி தட்டையாக நின்றால் அது நெரிப்பு. இரவில் எல்லாமே தத்தளித்து விடியற்காலையில் எல்லாமே பறந்தால் அது செக்டர் நெரிசல், சமநிலை மீறல் அல்ல. ஒரே ஒரு கம்பெனியின் சேவை மட்டும் மாலையில் மோசமாகி நள்ளிரவில் சரியானால், வழித்தடம் சொன்ன வாசல் இணைப்பு நிரம்பியிருக்கலாம். இந்த மூன்றாவதை வெஹே பிடிக்காது, அது தன் சர்வரோடுதானே பேசுகிறது. அதற்கு, டேட்டா போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேஸ்ரூட்டை இரவும் விடியலும் ஓட்டி, ஆபரேட்டரின் எல்லையைத் தாண்டும் படியில் தாமதம் குதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். சில ரவுட்டர்கள் பதிலே தராது என்பதால் அதையும் முழுதாக நம்ப முடியாது.

விபிஎன் போட்டுப் பார்த்து "வேகம் கூடியது, ஆகவே நெரிக்கிறார்கள்" என்று முடிவு கட்டுவது பரவலான தவறு. விபிஎன் வழியையே மாற்றிவிடுகிறது, வேறு கேஷ் பெட்டிக்குக் கொண்டுபோகிறது. சான்றாகச் சொல்ல அது போதாது, சந்தேகத்துக்குப் போதும். ஃபாஸ்ட் டாட் காம் கொஞ்சம் மேல், அது நெட்ஃபிளிக்ஸ் சர்வர்களிலிருந்தே இறக்குவதால். அது 2 காட்டி, மற்ற ஸ்பீட் டெஸ்ட் 40 காட்டினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

சொந்தமாகச் சர்வர் உள்ளவர்களுக்குக் கூர்மையான சோதனை ஒன்று: 50 எம்பி கோப்பை அதில் வையுங்கள். கோப்பு இறக்கும் கர்ல் கட்டளையில் ரிசால்வ் தெரிவைப் பயன்படுத்தி, வீடியோ தளத்தின் பெயரைச் சொல்லி உங்கள் சர்வரின் ஐபிக்கு அனுப்புங்கள். சான்றிதழ் பொருந்தாது, அந்தச் சரிபார்ப்பை அணைக்கும் தெரிவையும் சேர்க்கவும். பிறகு அதே கோப்பை உங்கள் தளத்தின் சொந்தப் பெயரில் இறக்குங்கள். முதலாவது மட்டும் தட்டையாக நின்றால் எஸ்என்ஐ படிப்பது உறுதி. இரண்டும் ஒரே வேகம் என்றால் நெரிப்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஐபியையும் சேர்த்துப் பார்த்து நெரிப்பவர்கள் உண்டு. கோப்பு 5 எம்பி அளவில் சின்னதாக இருந்தால் ஏமாந்துவிடுவீர்கள்: வேகக் கட்டுப்பாட்டில் தொடக்கத்துக்குச் சில எம்பி தாராளமாக விடும் டோக்கன் பக்கெட் இருக்கும், நெரிப்பு அதற்கப்புறம்தான் தொடங்கும். குறைந்தது 15 விநாடி ஓட வேண்டும்.

புகாரோடு தேதி, நேரம், ஆர்எஸ்ஆர்பி, இரண்டு வகை வேகம், மீதமுள்ள ஒதுக்கீடு என்று பத்து வரி அட்டவணை வைத்தால் "சிக்னல் பிரச்சினை சார்" என்று திருப்பி அனுப்ப முடியாது.


வழித்தடம் பதில்:

ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை மாட்டி இந்தச் சோதனை பண்ணாதீங்க. போன் வழியா வர்ற பொட்டலத்தோட டிடிஎல் (ஒவ்வொரு கருவியைத் தாண்டும்போதும் ஒண்ணு குறையுற எண்) 64-க்குப் பதில் 63-ஆ, விண்டோஸ் லேப்டாப்னா 127-ஆ போகும், அதைப் பார்த்தே டெதரிங்குன்னு கண்டுபிடிச்சுத் தனி வேகம் வைக்கிற ஆபரேட்டர்கள் உண்டு. அப்புறம் வீடியோ நெரிப்பா டெதரிங் நெரிப்பான்னு பிரிக்கவே முடியாது. டெதரிங்குக்குத் தனிக்கட்டணமே இன்னொரு சண்டை: வெரைசன் தன் நெட்வொர்க்கில் டெதரிங் ஆப்களை முடக்க வச்ச விவகாரம், 2012-இல் அமெரிக்க ஒழுங்காற்று ஆணையமான எஃப்சிசி-யோட 12.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிஞ்சுது. கர்ல் சோதனையை ஆண்ட்ராய்டிலேயே கட்டளை ஓட்ட உதவுற டெர்மக்ஸ் ஆப் போட்டு ஓட்டிடலாம்.


தாழ்வாரம்:

டெர்மக்ஸ்லயே ஓட்டறேன். 5ஜியில் பூட்டினா ஆர்எஸ்ஆர்பி ரெண்டு வரியா காட்டுதே, எதை எழுதணும்?


அளவுகோல் பதில்:

இரண்டையும் எழுதுங்கள். 4ஜியை நங்கூரமாக வைத்து மேலே 5ஜியைச் சேர்க்கும் என்எஸ்ஏ முறை அது. டேட்டா இரண்டு வழியிலும் பிரிந்து வரலாம். குழப்பம் வேண்டாம் என்றால் முதல் சுற்றை 4ஜியில் மட்டும் பூட்டிச் செய்யுங்கள்.